தேவகிருபை மேல் எனக்கிருந்த பொறாமை

தேவகிருபை இறந்துபோன செய்தி முதலில் என்னிடம் வரவில்லை. இராமநாதபுரம் ஆஸ்பத்திரியிலிருந்து பாம்பன் ரயில் ஸ்டேஷனுக்குத் தகவல் வந்து, அங்கிருந்து அவளுடைய பக்கத்து வீட்டுக் கதீஜா பீவிக்குப் போய், அவர்தான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மணலில் வேகமாக நடந்து என் வீட்டுக்கு வந்தார். நான் ஆலயத்து மேசைவிரிப்பைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன்.

“உபதேசியாரம்மா, நம்ம கிருபை மவுத்தாயிட்டா.”

அழுகை வருவதற்கு முன் எனக்கு வந்த எண்ணம் இதுதான்: எனக்கு முன்னால் இவருக்கு எப்படித் தெரிந்தது?

அவளை அறிந்த சகோதரிகளாகிய நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்பதால் மறைக்காமல் எழுதுகிறேன். நாங்கள் பழகிய காலம் முழுவதும் கிருபை மேல் எனக்குப் பொறாமை இருந்தது. அது அவளுக்கும் தெரியும். இதை எழுத உட்கார்ந்தபோது முதலில் ‘அவர்’ என்றுதான் எழுதினேன். வேறு யாரையோ பற்றி எழுதுவதுபோல் இருந்தது. நான் அவளைவிட மூத்தவள். ‘அவள்’ என்று எழுதும் உரிமையையாவது யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

என் பாட்டனார் காலத்திலிருந்தே நாங்கள் சபையைச் சேர்ந்தவர்கள். என் கணவர் பாம்பன் சபையை நடத்தும் உபதேசியார். கிருபையோ சிக்கல் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண். காய்ச்சலில் கிடந்து மிஷன் ஆஸ்பத்திரியில் பிழைத்து, அங்கேயே ஆயாவாக வேலை பார்த்து, ஞானஸ்நானம் பெற்றவள். ரயில் பாலத்தில் வேலை செய்யும் யோவானைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தாள்.

அவள் முதன்முதலாகப் பெண்கள் கூட்டத்துக்கு வந்த நாளில் நான் ஜெபித்தேன். தேசத்துக்காக, திருச்சபைக்காக, கடலில் போகிறவர்களுக்காக என்று ஒன்றும் விடாமல், ஒரு சொல் தடுக்காமல் ஜெபித்தேன். பிறகு புதிதாக வந்தவளையும் ஜெபிக்கச் சொன்னார்கள். அவள் கண்ணைக்கூட மூடவில்லை. “ஆண்டவரே, எனக்கு இங்கன ஒருத்தரையும் தெரியாது. பயமா இருக்கு. கூட்டம் முடிஞ்சதும் யாராச்சும் எங்கூடப் பேசட்டும்” என்று சொல்லி நிறுத்திவிட்டாள்.

கூட்டம் முடிந்ததும் எல்லாப் பெண்களும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். என் ஜெபம் அவ்வளவு சீக்கிரம் கேட்கப்பட்டதாக எனக்கு நினைவில்லை. நான் தனியாக நின்று பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

சில மாதங்களுக்குப் பிறகு இராமநாதபுரத்திலிருந்து வந்த ஐயரம்மா, அதாவது குருவானவரின் மனைவி, எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். வாரம் ஒருமுறை இருவரும் சந்தித்து, ஒருவர் குறையை ஒருவர் கேட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்க வேண்டும். எனக்குக் கிருபை வந்தாள். அவளை நடத்தும் பொறுப்பை எனக்குத் தந்திருப்பதாகவே நான் எடுத்துக்கொண்டேன். ஆலயத்துக்குப் பின்னால் பூவரசு நிழலில் உட்கார்ந்து, எந்த நாளில் எந்தப் பகுதியை வாசிப்பது, எப்படித் தொடங்குவது, எப்படி முடிப்பது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, “அக்கா, நீங்க எதை நெனச்சு அழுவீக?” என்று கேட்டாள்.

அதுவரை என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. உபதேசியார் மனைவி மற்றவர்களைக் கேட்கிற இடத்தில் இருப்பவள். எனக்குப் பிள்ளை இல்லை என்பது ஊருக்கே தெரியும்; ஆனால் நான் வாய்விட்டுச் சொன்னது அவளிடம்தான். ஆண்டவர் கொடுப்பார் என்று அவள் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைவிட அதிகமாக அழுதாள்.

அதற்கடுத்த ஆண்டு அவள் மறுபடி கர்ப்பமானாள். ஏற்கெனவே மூன்று பிள்ளைகள். ஊரெல்லாம் அவளிடம் சந்தோஷமாக விசாரித்தது. நான் எங்கள் சந்திப்புக்குத் தலைவலி என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டேன். அவள் என் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

“என்னையப் பாக்க உங்களுக்கு வயித்தெரிச்சலா இருக்குமேக்கா.”

“சேச்சே, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். எனக்குச் சந்தோஷந்தான்.”

“பொய் சொல்லாதீக. ஜெபம் பண்ணுற ரெண்டு பேருக்குள்ள பொய் எதுக்கு?”

அவள் உட்காரப் பாயை விரித்தேன். பிறகு, “ஆமா, எரியுதுடி” என்றேன்.

“எரியட்டும். அதோடயே வாங்க. வராம மட்டும் இருந்துராதீக.”

எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறேன். பொறாமையை விட்டொழித்துவிட்டு ஆண்டவரிடம் வரச் சொன்னவர்களே எல்லாரும். அதையும் தூக்கிக்கொண்டு வரச் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

ஆண் குழந்தை பிறந்தது. முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய சமயத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனது. கிருபை ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பெண்கள் போய்ப் பார்த்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் வாரம் தவறாமல் போனேன். “என்னால முடியலக்கா. ஆண்டவரைக் கூப்புட வாய் வரல. எனக்கும் சேத்து நீங்க சொல்லிக்கங்க” என்றாள். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. வழக்கமான முறைப்படி வாசித்து, வழக்கமான சொற்களில் ஜெபித்துவிட்டு எழுந்து வந்தேன். அவள் ஆமென் சொல்லவில்லை. அவளுக்கும் சேர்த்து நானே சொன்னேன். அந்த நாட்களிலும் எனக்குப் பொறாமை இருந்தது. புதைத்துவிட்டு அழுவதற்காவது அவளுக்கு ஒரு பிள்ளை இருந்ததே என்று நினைத்தேன். அதையும் பின்னாளில் அவளிடம் சொன்னேன். அவள் என்னைத் தள்ளிவிடவில்லை.

மழைக்காலம் முடிந்து ஒருநாள், என் ஜெபத்தின் நடுவில் அவளுடைய குரலும் சேர்ந்தது. முடித்ததும் சொன்னாள்: “உங்க ஜெபம் வெறும் கட்டை மாதிரி இருக்குன்னு நெனைப்பேன்க்கா. கடைசியில அந்தக் கட்டையப் புடிச்சுத்தான் கரையேறியிருக்கேன்.” என்னை யாரும் இவ்வளவு மோசமாகவும் இவ்வளவு நன்றாகவும் புகழ்ந்ததில்லை.

இந்த வருஷம் அவள் மெலிந்தாள். வயிற்றுப்புண் என்றாள், நம்பினேன். இராமநாதபுரத்தில் மருந்து வாங்கிக்கொண்டு வந்துவிடுவதாகச் சொல்லி ரயிலேறினாள். செய்தி வந்த அன்று மதிய வண்டியில் அவளுடைய உடலைக் கொண்டுவந்தார்கள். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது, வழியில் காத்திருந்த கதீஜா பீவியிடம் கேட்டேன், அவள் உடம்பு இப்படி ஆனது அவருக்கு முன்பே தெரியுமா என்று.

“தெரியும். வயித்துல கட்டின்னு டாக்டர் சொன்ன அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிட்டா. வலி வந்தா எங்க வீட்டு அடுப்படியில வந்து சுருண்டு படுத்துக்குவா.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நானும் கேட்டேன். ‘அக்காட்ட சொன்னா அவுக சாப்புடாம கெடந்து ஜெபம் பண்ணுவாக. நான் பொழைக்கலைன்னா அவுக ஆண்டவர்கிட்டக் கோவிச்சுக்கிருவாக. நான் போனப்பறம் மனசத் தொறந்து பேச அவுகளுக்கு அவரை விட்டா யாரு இருக்கா?’ன்னு சொன்னா.”

நான் மணலிலேயே நின்றுவிட்டேன். அவளுடைய வலி எனக்குக் கிடைக்கவில்லை. அது இந்த அம்மாளுக்குக் கிடைத்திருக்கிறது. அதை என் முகத்தில் பார்த்துவிட்டாரோ என்னவோ, கதீஜா பீவி சொன்னார்: “எனக்கும் உங்க மேல எரிச்சல்தான். எங்கிட்ட அழுது முடிச்சிட்டு மூஞ்சியக் கழுவிக்கிட்டு, ‘அக்கா காத்துக்கிட்டிருப்பாக’ன்னு கெளம்பிருவா. அழுகைக்கு நான். அதுக்கப்புறம் இருந்த தைரியத்துக்கெல்லாம் நீங்க.”

இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதோம். ஆனாலும் அவருக்குக் கிடைத்த பங்கை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவரும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் ஆலயத்தில் தனியாக முழங்காலில் நின்றேன். எனக்குத் தெரிந்த ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை. அவள் பயந்தபடியே எனக்கு ஆண்டவர் மேல் கோபம் வந்தது. ஆனால் அது கோபம் மட்டுமல்ல என்று சற்று நேரத்தில் தெரிந்தது. “அவ இப்ப உம்மகிட்ட இருக்கா. எனக்கு உம்ம மேலயே பொறாமையா இருக்கு” என்று சத்தமாகச் சொன்னேன். சொன்ன பிறகும் எழுந்து போகத் தோன்றவில்லை. வெயில் ஏறும்வரை அங்கேயே இருந்தேன்.

எனக்குள் இருப்பதை இருப்பதுபோலவே அவரிடம் சொல்லலாம், சொல்லிவிட்டு அவர் பக்கத்திலேயே உட்காரலாம். தேவகிருபை எனக்கென்று விட்டுச்சென்றது அது. இதை வேறு யாருக்கும் அவள் கொடுத்திருக்க மாட்டாள் என்று நம்ப விரும்புகிறேன்.