'ஃபிட்' என்று எழுதினார்கள்

சென்ற வாரம் ஃபேரர் பார்க் கிளினிக் ஒன்றில் டிரைவிங் லைசென்ஸுக்காக மெடிக்கல் செக்கப். டாக்டர் தாளில் 'ஃபிட்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். வெளியே வந்தால், ஓர் அம்மா தன் மகனுக்கு அடிக்கடி 'ஃபிட்ஸ்' வருகிறது என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரே சொல். ஒன்று ஆரோக்கியம், மற்றது வலிப்பு!

அகராதியைப் புரட்டினேன். வலிப்பைக் குறிக்கும் 'ஃபிட்' பழைய ஆங்கிலத்தில் போராட்டம், துன்பம் என்று பொருள்பட்டதாம். 'தகுதி' என்ற பொருள் எங்கிருந்து வந்ததென்று அறிஞர்களுக்கே உறுதியில்லையாம். சட்டை அளவாக இருந்தாலும் அதே ஃபிட்.

சுவாரசியம்தான்... எனக்கோ பழைய நினைவு வந்துவிட்டது.

ஜப்பான்காரன் எங்கள் ஊரை ஆண்ட போர்க்காலம். என் மனைவியின் அண்ணன் முத்தையா, சிராங்கூன் ரோட்டில் ஒரு கிடங்கில் கோணிப்பை தைத்துக்கொண்டிருந்தார். வலிப்பு நோய்க்காரர், அதனால்தான் உட்கார்ந்து செய்கிற வேலை. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது அவரையும் பரிசோதனைக்கு இழுத்துப்போனார்கள். அங்கிருந்த மருத்துவ உதவியாளர் நல்ல மனிதர். சீட்டில் 'ஃபிட்ஸ்' என்று தெளிவாக எழுதிக் கொடுத்தார்.

ஆள் அனுப்பும் ஆபீசில் பட்டியல் எழுத ஒரு கிராணி. நம்மவர்தான், ஆங்கிலம் படித்தவர். பட்டியலில் 'ஃபிட்' என்று ஏற்றிவிட்டார்!

ஓடினேன். 'எஸ்' விட்டுப்போனதைக் காட்டி, அது நோயின் பெயர் என்று விளக்கினேன். சீட்டைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது — முகத்திலேயே தெரிந்தது.

"லிஸ்ட் மேல போயிடுச்சு லா. இப்ப பேரை அடிச்சா என் தலை போகும்."

"அவர் உயிர் போனா பரவாயில்லையா?"

அடுத்த ஆளின் சீட்டை எடுத்தார். மறுநாளும் போய்க் கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

முத்தையா ரயிலேறினார். "தங்கச்சிய அழாம பாத்துக்குங்க மாப்ள" என்றார். அவ்வளவுதான்.

போர் முடிந்து திரும்பிய ஒருவர் வந்து சொன்னார். மண் சுமக்கும்போது வலிப்பு வந்து விழுந்தாராம். நடிக்கிறான் என்று அடித்தார்களாம். பிறகு எழுந்திருக்கவே இல்லையாம்.

பயம் எல்லோருக்கும் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓர் எழுத்தைச் சேர்க்கக்கூடவா கை வராது?

பல ஆண்டுகள் கழித்து அந்தக் கிராணியை பிடோக் மார்க்கெட்டில் பார்த்தேன். மீன் வாங்கிக்கொண்டிருந்தார். முத்தையாவின் பெயரைச் சொன்னேன்.

"அந்தக் காலத்துல யாரு கேள்வி கேட்டாங்க, சொல்லுங்க?" என்றார்.

நான் கேட்டேன், ஐயா. இரண்டு நாள் கேட்டேன்.