நான் இல்ல

இது நடந்தது. நம்பாதவர்கள் இந்த வரியோடு எழுந்து போகலாம். ஆள் பிடிக்கும் உத்தேசம் எனக்கில்லை. பட்டப்பகலில் நடந்ததால் தூக்கக் கலக்கம் என்றும் யாரும் சொல்ல வேண்டாம்.

சனிக்கிழமை, மதியம் 1:40. ஆபீசில் நானும் மேனேஜரும் மட்டும்தான். நாங்கள் செய்வது பூட்டு வேலை. வங்கியும் ஆஸ்பத்திரியும் அனுப்பும் தகவல்களை அடுத்தவன் படிக்காமல் பூட்டும் மென்பொருள். அந்தப் பூட்டுக்கு எண்களால் ஆன ஒரு ரகசியச் சாவி உண்டு. வேலை முடிந்ததும், கணினியின் நினைவகத்தில் சாவி இருந்த இடத்தை அழித்துவிட்டுத்தான் வெளியேற வேண்டும். லாட்ஜ் அறையைக் காலி செய்கிறவன் கடிதங்களை மேஜையிலேயே விட்டுப் போனால் அடுத்து வருகிறவன் படிக்காமல் இருப்பானா? எங்கள் சாவி அப்படித்தான் அழியாமல் கிடந்தது. வெளியாள் ஒருவன் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டான்.

அழிக்கும் பகுதியை எழுதியவள் என் மனைவி. இறந்து எட்டு மாதம்.

மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். நிரலில் பிழையை நுழைத்த திருத்தம், பக்கத்தில் அதைச் செய்தவராக அவள் பெயர்.

"தப்பு எப்படி வந்துச்சுன்னு அஞ்சு மணிக்கு அறிக்கை போகணும்பா. அவங்க பேரைப் போட்டுடலாம். யாருக்கும் நஷ்டமில்ல."

"அவ இப்படி எழுத மாட்டா சார்."

"பேர் இருக்கே? போனவங்க வந்து சண்டையா போடப் போறாங்க?"

சட்டையைப் பிடித்திருப்பேன். கை எழவில்லை. எட்டு மாதமாக எனக்குள் எதுவும் எழுவதில்லை. அன்று கோபம் மட்டும் எழுந்தது.

"அஞ்சு வரைக்கும் டைம் குடுங்க."

"குடுத்தேன். ஆனா கல்லுல நார் உரிக்கப் பாக்காத."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

2:05. நிரலை ஓட்டினேன். நினைவகத்தில் இருந்ததை அப்படியே படம் பிடித்துத் திரையில் விரித்தேன். மற்றவர்கள் அழித்த இடத்தில் பூஜ்யத்தை நிரப்புவார்கள். அவள் ஒரு சொல்லை நிரப்புவாள். 'போச்சு'. ஆங்கில எழுத்தில். "பூஜ்யத்தப் பாத்தா அழிச்சமா, முன்னாடியே காலியான்னு தெரியாது. போச்சுன்னு இருந்தா போச்சு, அவ்ளோதான்" என்பாள்.

திரை முழுக்கப் போச்சு, போச்சு, போச்சு.

நடுவில் ஒரு வரி.

நான் இல்ல.

2:11. மறுபடி ஓட்டினேன். அதே இடம். அதே வரி.

கோபம் அவள் மேலேயே திரும்பியது. "தெரியும்டீ!" என்று கத்தினேன். "நீ இல்லன்னு எனக்குத் தெரியும்!"

பின்னால்... டக். டக் டக்.

அவள் உட்கார்ந்திருந்த இடம். இப்போது வெறும் மேஜை. கீபோர்டு இல்லை.

டக் டக். டக்.

திரையில் இருந்தது பிடித்து வைத்த படம். அது மாறக் கூடாது.

மாறியது.

நான் இல்ல. நான் இல்ல. நான் இல்ல...

2:17. அப்போதுதான் உறைத்தது.

அவள் செத்துப்போனதைச் சொல்லவில்லை.

செய்தது தான் இல்லை என்கிறாள்.

அவள் போன பிறகு அவள் பெயர் உள்ள எதையும் நான் திறந்ததில்லை. திறந்தேன். திருத்தம் பதிவான நேரம், பன்னிரண்டாம் தேதி காலை 11:20.

அந்த நேரத்தில் அவள் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தாள். நான் அவள் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றேன். முந்தின நாள்தான் மேனேஜர் போன் செய்தார். "அவசரம்மா, பாஸ்வேர்டு மட்டும் சொல்லு." கையில் ஊசி குத்தியிருக்க, எழுத்து எழுத்தாகச் சொன்னாள்.

சத்தம் நின்றது.

வேலை பாதியில் தோற்றால் நிரல் வெளியேற ஒரு குறுக்கு வழி உண்டு. அந்த வழியில் அழிக்கும் வரியையே எடுத்துவிட்டிருந்தார்கள். திரும்பச் சேர்த்தேன். பத்து முறை சோதித்தேன். 4:38க்குத் திருத்தத்தை அனுப்பினேன். அறிக்கையில் 'காரணம்' என்ற இடத்தில் அந்தத் தேதியையும் நேரத்தையும், அப்போது அவள் எங்கே இருந்தாள் என்பதையும் எழுதி அனுப்பிவிட்டு, ஒரு பிரதியை மேனேஜர் மேஜையில் எறிந்தேன்.

படித்தார். முகம் செத்தது.

"அவசரப்படாத... பேசிக்கலாம்."

"அவகிட்ட பேசுங்க சார்."

திங்கட்கிழமை. சர்வர் அறையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் கூப்பிட்டார்.

"தம்பி, எந்தத் திருத்தமா இருந்தாலும் இன்னொருத்தர் பாத்து ஒப்புதல் குடுக்காம வெளிய போகாதுல்ல. உன்னோடதுக்கு யாரு குடுத்தா?"

"மேனேஜரா இருக்கும்."

"அவர் தொடவே இல்லயாம்."

திரையை என் பக்கம் திருப்பினார். அவள் பெயர். அவள் இறந்த வாரமே மூடிய கணக்கு.

"எவனோ அவ பேர்ல நுழைஞ்சிருக்கான்ணா."

"பேரை விடு. நேரத்தப் பாரு."

பார்த்தேன்.

நான் அனுப்பியது 4:38.

அவள் ஒப்புதல் தந்தது 4:35.