பொழுது சாய்வதற்குள் ஐந்தாவது கியர்

போன வாரம் மகளுடைய காரை சர்வீஸுக்கு விட்டிருந்தோம். இப்போதெல்லாம் அந்த மாதிரி இடங்களில் ஏசி போட்டு, சோபா போட்டு, காகிதக் கோப்பையில் காபி கொடுத்து, பல் டாக்டரிடம் வந்தவர்களைப் போல நம்மை உட்கார வைத்துவிடுகிறார்கள். வண்டி கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம். யாரோ கதவைத் திறந்தபோது ஒரு வாசனை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. கந்தகமும் அழுகிய முட்டையும் கலந்த மாதிரி ஒரு வாசனை.

"கியர் ஆயில்" என்றேன் மனைவியிடம். "யாரோ கியர்பாக்ஸ தொறந்திருக்காங்க."

கச்சேரியில் முதல் இழுப்பிலேயே ராகத்தைச் சொல்லிவிட்டவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள், காபி ஆறுகிறது என்றாள்.

ஆரணியில் பிறந்தவனுக்கு விதித்த வாசனை வேறு. கச்சாப் பட்டின் பசை போக சோப்பும் சோடாவும் போட்டு வேகவைப்பார்களே, அது. மழைக்காலத்தில் எங்கள் தெருவே அந்த ஆவியில் ஊறிக் கிடக்கும். நெசவாளர்களுக்கு நூல் கொடுத்துப் புடவை வாங்குவது எங்கள் குடும்பத் தொழில். பி.காம். முடித்த கையோடு அப்பாவின் கடையில் உட்கார்ந்து ரவிக்கைத் துணி அளந்துகொண்டிருந்தேன். அளப்பதைத் தவிர வேறு எதற்கும் அப்பா என்னை நம்பவில்லை. படித்த பிள்ளை, யோசிப்பான் என்று பயம். அப்படிப்பட்டவனின் சட்டைகளெல்லாம் ஒரு கோடையில் கியர் ஆயிலாக நாறின. அம்மா அவற்றை அக்கம்பக்கத்தார் கண்ணில் படாமல் கொல்லைக் கொடியில் தனியாகக் காயப்போட்டார். காரணம் ஜீவேந்திரன்.

ஜீவா என்னோடு கல்லூரியில் படித்தவன். பெரணமல்லூரைத் தாண்டி உள்ளே போனால் அவன் ஊர். தலைமுறை தலைமுறையாக அங்கே நெல்லும் மணிலாக்கொட்டையும் பயிர் செய்யும் சமணக் குடும்பம். அவன் அப்பாவை ஊரே நயினார் என்றுதான் கூப்பிடும். நயினார் ஏதோ ஒரு ஏலத்தில் பழைய பிக்கப் வண்டி ஒன்றை எடுத்திருந்தார். நான்கு சக்கரமும் இழுக்கும் ரகம். ஓடையில் இறங்கி ஏறுவதற்கு அதைவிட நல்ல வண்டி கிடையாது. தார் ரோட்டில் அதைவிட மோசமான வண்டியும் கிடையாது. மொத்தமே நாலு கியர். நாலாவதைப் போட்டுக் கொஞ்சம் மிதித்தால் போதும், இன்ஜின் கதறும், கண்ணாடி நடுங்கும், நம் கடைவாய்ப் பல் ஆடும். முந்திப் போகிற பஸ்களின் கண்டக்டர்கள் எட்டிப் பார்த்து அனுதாபப்படுவார்கள்.

இந்த வண்டியில்தான் நாங்கள் தொழில் தொடங்கினோம். போகும்போது சென்னைக்கு அரிசி மூட்டை, வரும்போது எங்கள் தெருக் கடைகளுக்கு நூலும் ஜரிகையும். ஜீவா ஓட்டுவான். நான் பக்கத்தில் உட்கார்ந்து உலக விஷயங்களைப் பேசிக்கொண்டு வருவேன். அந்த இன்ஜின் சத்தத்தில் அவன் ஒரு வார்த்தையும் கேட்டிருக்க முடியாது என்பது பின்னால்தான் புரிந்தது.

சிக்கல் சாப்பாட்டில் வந்தது. ஜீவா வீட்டில் பொழுது சாய்ந்தபிறகு சாப்பிட மாட்டார்கள். அதை விரதம் என்று யாரும் சொல்வதில்லை, பல் தேய்ப்பதைப் போல ஒரு வழக்கம். சூரியன் இறங்கிவிட்டால் மறுபடி விடிந்தால்தான். வழியில் ஓட்டலில் சாப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு எதுவும் ஆகாதவன் ஓட்டலில் எதைச் சாப்பிடுவான்? சர்வர் சொல்லச் சொல்ல இவன் தலையை ஆட்டுவான். கடைசியில் வாழைப்பழத்தில் வந்து முடியும். எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை, நான் அந்த சர்வர் சொன்னதையெல்லாம் சாப்பிட்டிருப்பேன். சங்கடம் ஜீவாவின் அம்மா. மகன் சாப்பிடாமல் அவர் சாப்பிட மாட்டார். லோடு இறக்கிவிட்டு எவ்வளவு விரட்டினாலும் நாங்கள் ஊர் வரும்போது இருட்டியிருக்கும். சோறு ஆறிப்போய் மூடி இருக்கும். அம்மா சிரித்துக்கொண்டே, பசியே இல்லை என்பார். ஒவ்வொரு சென்னை நடையும் அவருக்கு ஒரு பட்டினி.

நயினார் அதிகம் பேசாதவர். ஒரு நாள் பேசினார்.

"ஒங்க வியாபாரம் ஒங்களுக்கு. இன்னொரு வாட்டி இவ பட்டினி கெடந்தா, மறுநாளு அந்த வண்டி இங்க நிக்கக் கூடாது."

வண்டி போனால் ஜீவா ஏர் பின்னால் போவான், நான் மீட்டர் கோலுக்குப் போவேன். அப்போதுதான் என் படிப்பு வேலை செய்தது. அதே கம்பெனியின் புது மாடலில் ஐந்து கியர் என்று நூலகத்துப் பத்திரிகை ஒன்றில் பார்த்திருந்தேன். ஐந்தாவதில் இன்ஜின் மெதுவாகச் சுற்றும், சக்கரம் வேகமாகச் சுற்றும். அதைப் பழைய வண்டியில் மாட்டினால் என்ன? இதைச் சொன்னபோது நான் அதுவரை ஒரு ஸ்பேனரைக்கூடச் சரியான பக்கம் பிடித்ததில்லை.

வேலூர் ரோட்டில் சாதிக் பாயின் ஷெட் இருந்தது. பாய்க்குத் தன் மேல் இருந்த நம்பிக்கை அந்த ஷெட்டின் கூரையைவிடப் பெரியது.

"இது இன்னா பெரிய விஷயம் நைனா, முன்னாடியே மூணு வண்டிக்குப் பண்ணிக்கிறேன்" என்றார். கூடவே ஒரு யோசனையும் சொன்னார். முன்சக்கரத்துக்கு இழுவையைக் கொண்டுபோகும் இரும்புக் குழாயை, அதாவது ஷாஃப்டைக் கழற்றி எறிந்துவிட்டால் வேலை பாதியாகும், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி பெரிய பேஜார். ஜீவா ஒப்புக்கொள்ளவில்லை. ஊருக்கு முன்னால் இருக்கும் ஓடையை அவன் அறிவான்.

சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் நாள் முழுக்க அலைந்து பழைய ஐந்து கியர் பெட்டி ஒன்றைப் பிடித்து வந்தோம். இன்ஜினோடு அது சமர்த்தாகப் பொருந்தியது. பாயே கொஞ்சம் ஆச்சரியப்பட்ட மாதிரி இருந்தது. பிரச்சினை, இது பழசைவிட ஒரு சாண் நீளம். அந்த ரக வண்டியில் கியர்பாக்ஸுக்குப் பின்னால், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்க இன்னொரு பெட்டி உண்டு. சினிமா கொட்டகை பெஞ்சில் ஒருவர் நகர்ந்தால் கடைசி ஆள் வரை நகர வேண்டியிருக்குமே, அதுபோல அதுவும் ஒரு சாண் பின்னால் போனது. ஆகவே பின்சக்கரத்து ஷாஃப்டை வெட்டிக் குறைக்க வேண்டும், முன்சக்கரத்து ஷாஃப்டை ஒட்டுப் போட்டு நீட்ட வேண்டும். அடுத்த லோடுக்கு நாள் குறித்தாகிவிட்டது. நானும் ஜீவாவும் வண்டிக்கு அடியில் குடியேறினோம்.

பாய் இடைவெளியை அளந்து அளவைச் சொன்னார். அதைப் பின் ஷாஃப்டில் சாக்பீஸால் குறிக்கிற பொறுப்பு எனக்கு. அளப்பதில் பரம்பரை பரம்பரையாக வந்தவன் இல்லையா, கடையிலிருந்து மீட்டர் கோலையே கொண்டுவந்திருந்தேன். குறித்த இடத்தில் லேத்துக்காரர் வெட்டி, ஒட்டிக் கொடுத்தார். மாட்டப் போனால் உள்ளே போகவில்லை. பாய் தள்ளினார், தட்டினார், உருதுவில் ஏதோ சொன்னார். பிறகு வெளியே வந்து என்னைப் பார்த்தார்.

"கோல எடு. எப்பிடி அளந்தே, அளந்து காட்டு."

காட்டினேன். எங்கள் கடையில் ஒரு முறை உண்டு. கோலின் நுனியில் துணியைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்து, விரலுக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் அடுத்த அளவைத் தொடங்குவோம். அந்த விரல் அகலம் கணக்கில் சேராது, வாங்குகிறவருக்கு எங்கள் மரியாதை. வாங்க வந்தவர்களும் துணியைவிட அந்த விரலைத்தான் கவனிப்பார்கள். கை பழகிய பழக்கத்தில் இரும்புக் குழாய்க்கும் அதே மரியாதையைச் செய்திருந்தது.

பாய் என் பெருவிரலையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஷாஃப்டுக்கு முந்தானை விட்டுக்கிறான்யா" என்றார்.

வண்டிக்கு அடியில் படுத்திருந்த ஜீவாவிடமிருந்து குரல் வந்தது: "ரவிக்கைத் துணியும் கேட்டு வாங்கிக்கங்க பாய்."

அதிகமாக இருந்ததால் மறுபடி வெட்ட முடிந்தது. குறைவாக இருந்திருந்தால் வேறு ஷாஃப்ட் தேடித் திரும்பவும் புதுப்பேட்டைக்குப் போயிருக்க வேண்டும், அதற்குள் லோடு நாளும் போயிருக்கும். தாராளமாக அளப்பதில் இப்படி ஒரு சௌகரியம் இருக்கிறது என்று பாயிடம் விளக்கிப் பார்த்தேன். அவர் என்னிடமிருந்து கோலை வாங்கிக்கொண்டார். முன் ஷாஃப்டை லேத்துக்காரரே அளந்தார்.

புது கியர் குச்சி பழைய ஓட்டையில் வரவில்லை. வண்டியின் தளத்தை வெட்டினோம். குச்சி கிட்டத்தட்ட என் முழங்காலுக்குப் பக்கத்தில் முளைத்தது. ஐந்தாவது கியர் போடும்போதெல்லாம் ஜீவா எனக்கு ஒரு குத்து விடுவான். ஸ்பீடோமீட்டர் கேபிள் எட்டவில்லை, முள் பூஜ்ஜியத்திலேயே உட்கார்ந்துவிட்டது. லோடுக்கு முதல் நாள் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு சாவியைக் கொடுக்கும்போது பாய் குரலைத் தாழ்த்தினார்.

"சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். இதான் மொத வண்டி. ஜல்தி கெளம்புங்க."

சென்னைக்குப் போனபோது பாரம் இருந்ததால் ஐந்தாவதைத் தொடவில்லை. திரும்பும்போது ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஜீவா என் முழங்காலில் குத்தினான். இன்ஜின் சத்தம் அப்படியே இறங்கியது. கண்ணாடி நடுங்கவில்லை. பின்னால் வந்தவன் முகம் முதல்முறையாக அதில் தெரிந்தது. எவ்வளவு வேகம் என்று தெரிந்துகொள்ள வழியில்லை, முன்னால் போன ஒரு பஸ்ஸை நாங்கள் முந்தினோம் என்பதுதான் ஆதாரம். நான் பேசிக்கொண்டே வந்தேன். காஞ்சிபுரத்துக்கு முன்னால் ஜீவா திரும்பி, "நீ எப்பவும் இவ்ளோ பேசிகினுதான் வருவியா?" என்று கேட்டான்.

செய்யாறில் மழை பிடித்தது. பெரணமல்லூர் தாண்டும்போது சூரியன் மேகத்துக்குள் எங்கேயோ இருந்தது. ஊருக்கு முன்னால் ஓடையில் செம்மண் தண்ணீர் பம்பர் உயரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஜீவா கியர் குச்சிக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் குச்சியைத் தட்டி நாலு சக்கரத்தையும் சேர்த்தான், வண்டியை ஓடையில் இறக்கினான். நடுவில் பின்சக்கரம் வழுக்கிச் சுற்றியது. வண்டி தண்ணீரோடு கொஞ்சம் நகர்ந்தது. ஒட்டுப் போட்ட முன் ஷாஃப்ட் முறுக்கி ஒரு முனகல் முனகியது காலுக்கடியில் கேட்டது. பிறகு முன்சக்கரம் எதையோ கவ்விக்கொண்டது. கரையேறினோம்.

வாசலில் நயினார் நின்றிருந்தார். பின்னால் அம்மா. வானம் முழுக்கச் சாம்பல், சூரியன் இருக்கிறதா போய்விட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த மாதிரி நாளுக்கு அவர்களிடம் ஒரு முறை உண்டு. விளக்கில்லாமல் உள்ளங்கையின் ரேகை கண்ணுக்குத் தெரிந்தால் சாப்பிடலாம். ஜீவா கையை நீட்டவில்லை. பார்க்கவேண்டியவர் அப்பா, சொல்லவேண்டியவரும் அப்பா. நயினார் முற்றத்தின் நடுவுக்குப் போனார், வலக்கையை விரித்தார், பார்த்தார். நானும் என் கையைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் என் கையில் ஒரு வாரத்து கிரீஸ், கண்ணில் பள்ளிக்கூடத்திலிருந்தே கண்ணாடி. என் சாட்சி செல்லாது.

அவர் கையை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோகவில்லை. வண்டியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். ரேடியேட்டரிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"தெரியுது" என்றார். "எல போடு."

அம்மா பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். நயினார் அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"பரிமாறிட்டு சாப்பிடறதுக்கெல்லாம் பொழுது இல்ல. நீயும் ஒக்காரு."

அம்மா எங்கள் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நயினார் குனிந்து சோறு போட்டார். பழக்கமில்லாத கை, சாம்பார் இலையைத் தாண்டி ஓடியது. மறுநாள் வண்டி அங்கேயேதான் நின்றது, அதற்கப்புறம் பல வருஷம் நின்றது.

இப்போது அந்த ஓடை மேல் பாலம் வந்துவிட்டது. சென்னைக்குப் போகும் ரோட்டில் வண்டிகள் பறக்கின்றன. பாயின் ஷெட் இருந்த இடத்தில் செல்போன் கடை. பிக்கப்பை வாங்கிய சந்தவாசல்காரர் அதை ஓடும் வரை ஓட்டி எடைக்குப் போட்டுவிட்டார். நயினாரும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனார்கள். ஜீவா சென்னையில் இருக்கிறான். போன மாதம் வீடியோவில் பேசியபோது தட்டில் எதையோ வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஜன்னலில் தெருவிளக்கு எரிவது தெரிந்தது. இருட்டினப்புறம் சாப்பிடறியா என்றேன். "யாரு காத்துகினு இருக்காங்க?" என்றான். ரொம்ப சாதாரணமாகத்தான் சொன்னான்.

இன்று எந்த வண்டியை வாங்கினாலும் ஐந்து கியர், ஆறு கியர், சிலவற்றில் குச்சியே இல்லை. எல்லாம் எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் யாருக்காகவும் இல்லாமல் மாட்டப்படுகின்றன. ஒரு அம்மா பொழுதோடு சாப்பிட வேண்டும் என்பதற்காக ஐந்தாவது கியர் போட்ட வண்டி, எனக்குத் தெரிந்து, எங்களுடையது ஒன்றுதான்.