கடைசிக் கட்டில் காலியாகத்தான் இருக்கிறது

யோகம் சிஸ்டர் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஒரு தாய்க்குச் சேலைன் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஏற்றி முடித்த பிறகுதான் அழுதேன். பாதியில் விட்டு அழுதிருந்தால் அவர் என்னை ஏசியிருப்பார் என்பது, அவருடன் வேலை செய்த உங்களுக்குத் தெரியும்.

எங்கள் பிரசவ வார்ட்டுக்கு அவர் பொறுப்பாக வருமுன் ஒரு கேடுகெட்ட வழக்கம் இருந்தது. ஹெரோயின் தூளுக்கு அடிமையான கர்ப்பிணி வந்தால் கழிவறையோரக் கடைசிக் கட்டில்தான். நடுங்கினாலும் வாந்தி எடுத்தாலும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. தாங்க முடியாமல் அவர்கள் பின்கதவால் தூள் தேடிப் போய்விடுவார்கள். இதுகள் திருந்தாது என்று நாங்களும் கை கழுவிவிடுவோம்.

கிரான் என்ற ஊரிலிருந்து அப்படி வந்த நிறைமாதப் பெண்ணை யோகம் சிஸ்டர் தன் மேசைக்கு நேரே, முதற் கட்டிலில் படுக்க வைத்தார். அடுத்த கட்டில்காரியின் தாய் சண்டைக்கு வந்தார். “தூள்காரிக்குப் பக்கத்தில என்ர மகளக் கிடத்தேலா!”

“அப்ப உங்கட மகள மாத்துறன். கடைசிக் கட்டில் காலியாத்தான் கிடக்கு,” என்றார் சிஸ்டர். தாய் மகளின் போர்வையை இழுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் அந்தப் பெண் பையைத் தூக்கிவிட்டாள். “ஏலாம கிடக்கு மிஸ்ஸி, நான் போறன்.”

“ஏலாட்டி என்னட்டச் சொல்லு புள்ள. டொக்டரிட்டக் கேட்டு மருந்தக் கூட்டித் தாறன். திடீரெண்டு விட்டாலும் வயித்துப் புள்ளைக்குக் கூடாது, வெளியில போய்த் தூள் எடுத்தாலும் கூடாது. இது வருத்தம். வருத்தக்காரிய ஏசிச் சுகப்படுத்தினத நான் எங்கயும் காணல்ல,” என்றார் சிஸ்டர்.

அவள் பையை வைத்தாள். பிறந்த குழந்தையும் தூளின் தாக்கத்தால் நடுங்கியது. தாயிடமிருந்து பிரித்துவிடச் சிலர் துடித்தார்கள். டொக்டரைக் கூட்டிவந்து காட்டிவிட்டு, சிஸ்டர் குழந்தையைத் தாயின் நெஞ்சோடு சேர்த்துக் கிடத்தினார். “கேக்கிறவங்கள என்னட்ட அனுப்பு,” என்றார் என்னிடம். இருவரும் ஒன்றாகத்தான் வீட்டுக்குப் போனார்கள்.

இதற்காக மேலிடத்தில் அவர்மேல் முறையிட்டவர்களும் நேற்றுச் செத்தவீட்டுக்கு மலர்வளையத்தோடு வந்திருந்தார்கள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அந்தக் கிரான் பெண்ணோ மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பந்தலுக்கு வெளியே ஒதுங்கி நின்றாள். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், எல்லோருக்கும் முன்னால் உட்கார வைத்தேன்.

இன்று காலை அவளைப்போல இன்னொரு பெண் வந்தாள். புதிய தாதி ஒருவர் படுக்கைவிரிப்போடு கடைசிப் பக்கம் நடந்தார். அதை வாங்கி முதற் கட்டிலில் விரித்தேன். பக்கத்துக் கட்டிலில் முணுமுணுப்புத் தொடங்கிவிட்டது. முணுமுணுக்கட்டும். சிஸ்டர் விட்டுப்போன பதில் என்னிடம் இருக்கிறது.