பிடி திரும்பிய கை

மழையில் எங்கள் லயத்து வீட்டுப் படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். மாவுக்கட்டைப் பிரித்த பிறகு கையில் பிடியே இல்லை. பூனாகலையில் தேயிலைத் தோட்டத்துப் பாலர் பள்ளி ஆசிரியை நான். தண்ணீர்ப் போத்தலைக்கூடப் பிள்ளைகள்தான் எனக்குத் திறந்து கொடுத்தார்கள்.

பதுளை ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கும் பெண், என் முழங்கைக்கு மேலே அகலமான பட்டியைச் சுற்றிக் காற்றடித்தாள்.

"பிரஷரா பாக்குறீங்க?" என்றார் கூட வந்த என் கணவர்.

"இல்லண்ணே, ரத்த ஓட்டத்தக் கொஞ்சம் மட்டுப்படுத்துறேன். முறிஞ்ச கையில பாரம் தூக்க ஏலாதுல்ல? இப்புடிக் கட்டுனா லேசான வேலையே கைக்குப் பெரிய வேலையாத் தெரியும்."

ஒரு பஞ்சுப் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். இதென்ன விளையாட்டு என்று சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் முன்கை தீயாக எரிந்தது. அவள் என் விரல்களின் நிறத்தைப் பார்ப்பதும், "மரத்துப் போகுதாக்கா?" என்று கேட்பதுமாக இருந்தாள். காற்றை இறக்கியதும் விரல் நுனிவரை ஓடிய இதமான சூட்டில் எனக்குக் கண் சொருகியது.

"இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்? நம்ம ஆட்டோ டியூப் போதுமே" என்றார் கணவர். ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை குசினியிலிருந்து வந்தால், டியூபை வெட்டித் தன் கையில் இறுக்கிக் கட்டியிருக்கிறார். கை பீட்ரூட் நிறத்தில் இருந்தது.

"என்னங்க பண்றீங்க!"

"ஒனக்குக் கட்டுறதுக்கு முன்ன நானே பாக்கலாம்னு... முடிச்சு அவுரல புள்ள."

பதறிப்போய் இடது கையால் கத்தரிக்கோலை எடுத்து வெட்டினேன். அன்று முழுக்க அவர் விரல்களை உதறிக்கொண்டே திரிந்தார். அடுத்த முறை போனபோது அந்தப் பெண்ணிடம் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

"ஆளுக்கு ஆள் இறுக்குற அளவு வேறண்ணே. நரம்பு கெட்டா என்ன செய்வீங்க?" என்று அவள் பிடித்துக்கொண்டாள். அவர் கூரையைப் பார்த்தபடி நின்றார்.

பிடி மெல்ல மெல்லத் திரும்பியது. இனி எதையும் பயமில்லாமல் பிடிக்கலாம் என்று அவள் சொன்ன பிறகு, சித்திரை வருஷப் பிறப்பு விளையாட்டில் பெண்களின் கயிறிழுப்பில் சேர்ந்தேன். எதிரணி ஒரே இழுப்பாக இழுத்தது. எங்கள் பக்கம் எல்லோரும் கயிற்றை விட்டுவிட்டார்கள். நான் மட்டும் விடவில்லை. சேற்றில் குப்புற இழுபட்டுப் போனேன்.

"விடு புள்ள, தோத்தாச்சு!" என்று சிரித்துக்கொண்டே ஓடி வந்தார் கணவர்.

எனக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. கயிற்றை விடாமலே சிரித்தேன்.