பதினான்கு நோட்டுகளும் ஒரு வேண்டுதலும்

நான்காவது தடவையும் தேர்ச்சிப் பட்டியலில் என் எண் இல்லை.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. விளக்கைத் துடைத்துத் திரி போட்டு வைத்துவிட்டுத்தான் போனை எடுத்துப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை மூன்று முறை தேடினேன். இல்லை. விளக்கை ஏற்றவில்லை. திரியோடு அப்படியே விட்டுவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அதே பட்டியலில் என் நாத்தனார் சுதாவின் எண் இருந்தது. அவளுக்கு அது முதல் தடவை. அவள் படித்தது என் நோட்டுகளில்.

முருகனை நம்பி வாழும் என் சகோதர சகோதரிகளே, பழனிக்கு நடந்து போகும் நம் குழுவில் என்னைப் பார்த்திருப்பீர்கள். பேர் தனலட்சுமி. எரியோடு பக்கம் முருங்கைத் தோட்டக்காரர் வீட்டில் பிறந்தவள். திண்டுக்கல் நாகல் நகரில் வாக்கப்பட்டேன். கணவருக்கு மில்லில் ஷிப்ட் வேலை. மகள் நாலாம் வகுப்பு. நான் குரூப் ஃபோர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவள். எனக்கு நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். இதில் எனக்குப் பெருமை தருகிற விஷயம் அதிகமில்லை.

தமிழ் எனக்குப் பயமில்லை. கணக்கும் ஓரளவு வரும். என்னைக் கவிழ்த்தது நடப்பு நிகழ்வுகள். யாருக்கு என்ன விருது, எந்த ஊரில் என்ன மாநாடு, எந்தத் திட்டம் எந்த மாவட்டத்தில் தொடங்கியது. பாடப்புத்தகம் போட்டது போட்டபடி இருக்கும். இது தினமும் மாறும். இன்றைக்கு மனப்பாடம் செய்த பதவிக்கு அடுத்த மாதம் வேறு ஆள் வந்துவிடுவார். அடித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். போனில் ஏழு குழுக்களில் சேர்ந்திருந்தேன். ஏழிலும் தினம் ஒரு பிடிஎஃப் வந்து விழும். ஒன்றில் இருக்கும் விடை இன்னொன்றில் இருக்காது. எதை நம்புவது? எல்லாவற்றையும் எழுதினேன். மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்தால் மதியம் வரை எழுதுவேன். முக்கியமானது சிவப்பு, மிக முக்கியமானது பச்சை. பதினான்கு நோட்டு ஆனது. விரல் காய்த்துப்போனது.

அந்த நான்காவது தேர்வில், எங்கள் ஊர்ப் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த ஆண்டு எது என்று ஒரு கேள்வி. திண்டுக்கல்லில் குடியிருக்கிற நான் தப்பான வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து புரட்டினால் அது என் நோட்டில் மூன்று இடத்தில் இருக்கிறது, மூன்றும் பச்சை மையில். நோட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தேன்.

சுதா பாஸான அன்று என் மாமியார் கேட்டார், "ஏத்தா, ஒன் நோட்டப் படிச்ச அவ பாஸாயிட்டா. எழுதுன ஒனக்கு என்ன வந்துச்சு?"

அத்தை குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். எனக்கும் புரியவில்லை. அதனால்தான் அவ்வளவு வலித்தது.

மூன்றாம் நாள் கணவர் சொன்னார், "இன்னும் ஒரு தடவ எழுது தனம். அதுக்கு மேல வேணாம். நீ படுற பாட்டப் பாக்க முடியல. மில்லுல பொம்பளைங்களுக்கு ஆள் எடுக்குறாக. சொல்லி வச்சா கெடைக்கும்."

சுதாவுக்கு நிலக்கோட்டையில் வேலை கிடைத்தது. அவள் புருஷன் வீடு கொடைரோடு, அங்கிருந்து போய் வந்தாள். சொந்தக்காரர்கள் எல்லோரும் அவளைப் பார்க்கப் போனார்கள். நான் தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

அந்த மாதக் கிருத்திகைக்குத் தனியாகப் பஸ் ஏறிப் பழனிக்குப் போனேன். பக்தியில் போகவில்லை. சண்டை போடப் போனேன். நான்கு வருஷமாய் வேலை கொடு, வேலை கொடு என்று கேட்டாயிற்று, விரதம் இருந்தாயிற்று, நடந்து வந்தாயிற்று. வரிசையில் நின்ற நேரமெல்லாம் அவனிடம் கேட்க வேண்டியதை அடுக்கிக்கொண்டே வந்தேன். சன்னதிக்கு முன்னால் வந்ததும் "நகருங்கம்மா, நகருங்க" என்றார்கள். அடுக்கி வைத்தது எல்லாம் மறந்துபோனது. வாயில் வந்தது இதுதான்:

"எங்க தப்புப் பண்றேன்னு காட்டு. இல்லன்னா இந்த ஆசைய என்கிட்டருந்து எடுத்துரு."

அவ்வளவுதான். தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

ஒன்றரை மாதம் ஆனது. காட்டவும் இல்லை, எடுக்கவும் இல்லை. காலையில் எழுந்தால் அதே பிடிஎஃப், அதே சிவப்புப் பேனா. பதினைந்தாவது நோட்டு ஆரம்பித்தேன். முருகன் படத்துக்கு முன்னால் போகும்போது வேண்டுமென்றே வேறு பக்கம் பார்ப்பேன். சின்னப் பிள்ளை மாதிரி. உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுதா வந்தாள். கையில் பை. நான் கொடுத்திருந்த ஆறு நோட்டையும் திருப்பிக் கொண்டுவந்திருந்தாள். பிரித்துப் பார்த்தேன். எனக்கு ரத்தம் கொதித்தது. பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் கோடு. நான் எழுதியதில் முக்கால்வாசியை அடித்திருந்தாள். மிச்சமிருந்த வரிகளுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் கேள்விக்குறி, சரி போட்ட குறி.

"என்ன சுதா இது? என் நோட்டக் கிறுக்கி வச்சிருக்க?"

"கோவிச்சுக்காதீங்க மதினி. வேண்டாதத அடிச்சிட்டேன். மிச்சத்த மூடி வச்சுட்டு எனக்கு நானே கேட்டுக்குவேன். தெரியலன்னா கேள்விக்குறி. அடுத்த வாரமும் அதையே கேப்பேன். நாலு தடவ அப்பிடிப் பண்ணேன்."

"அப்ப நான் எழுதுனது குப்பையா?"

அவள் தயங்கினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், "நீங்க எழுதுறீங்க மதினி. படிக்கல."

நான் என்ன பேசினேன் என்பதை இங்கே எழுத முடியாது. ஒரு தடவை ஜெயித்துவிட்டால் எனக்குப் பாடம் எடுப்பாயா என்பதில் ஆரம்பித்து எங்கேயோ போய்விட்டது. அவள் அழுதுகொண்டே எழுந்து போனாள். அத்தை அவளுக்காகக் கறிக்குழம்பு வைத்திருந்தார். அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை.

மறுநாள் வீட்டில் யாரும் இல்லாத நேரம். அவள் சொன்னது பொய் என்று எனக்கே நிரூபித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பதினைந்தாவது நோட்டை எடுத்தேன். ஒரு பக்கத்தைப் பிரித்து, கையால் மூடி, பத்துக் கேள்வி கேட்டுக்கொண்டேன். என் கையெழுத்து, நான் எழுதி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

மூன்றுதான் தெரிந்தது.

வேறு நோட்டு எடுத்தேன். அதில் இரண்டு. இன்னொன்று. அதில் நான்கு. எழுதி முடித்த பிறகு ஒரு நோட்டைக்கூட நான் படிப்பதற்கென்று திரும்பத் திறந்ததில்லை. எழுதினால் மனசில் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறேன். நான்கு வருஷமாய்.

தரையில் உட்கார்ந்து அழுதேன். கொஞ்ச நேரம் போன பிறகுதான் உறைத்தது. எங்கே தப்பு என்று காட்டச் சொல்லி மலையில் நின்று கேட்டது நான்தானே? அவன் காட்டிவிட்டான். கேட்டதை அப்படியே கொடுத்திருக்கிறான். கொண்டுவந்தவளைத்தான் நான் சாப்பிடக்கூட விடாமல் துரத்திவிட்டேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயமாகவும் இருந்தது. எழுந்து போய் விளக்கை ஏற்றினேன். மன்னித்துக்கொள் என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலமே கொடைரோட்டுக்குப் பஸ் ஏறினேன். சுதா ஆபீஸிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டாள்.

"தப்பு எம்மேலதான் சுதா. பத்துக்கு மூணுதான் தெரிஞ்சுச்சு."

"அய்யோ மதினி, அதுக்கா இம்புட்டு தூரம் வந்தீக? உள்ள வாங்க மொதல்ல."

அவள் கொடுத்த காபியைக் குடிக்க முடியாமல் அழுதேன். அவளும் அழுதாள்.

அதன்பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஆறு குழுக்களிலிருந்து வெளியே வந்தேன். ஒரு செய்தித்தாள், ஒரு நோட்டு. பழையதில் அடிக்க அடிக்க உயிரே போகிற மாதிரி இருந்தது, அவ்வளவும் என் உழைப்பு. சுதா தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்து பத்துக் கேள்வி கேட்பாள். தெரியாமல் முழிக்கும்போது எனக்குக் கோபம் வரும். இரண்டு தடவை போனைப் பாதியில் வைத்திருக்கிறேன். மறுநாளும் அவள் கூப்பிட்டாள்.

படித்த செய்தியை யாருக்காவது வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொன்னாள். வீட்டில் அத்தைதான் இருந்தார். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பார். "அந்த ராக்கெட்ட எதுக்கு விட்டாக?" என்பார். எனக்குப் பதில் தெரியாது. பேரும் தேதியும் தெரியும், எதற்கு என்று தெரியாது. போய்த் தேடிப் படித்துவிட்டு வருவேன். அப்படிப் படித்தது மறக்கவில்லை.

ஐந்தாவது தேர்வு எழுதினேன். ஹாலில் இருபது கேள்விக்கு மேல் சந்தேகம். வெளியே வந்து கணவரிடம் "மில்லுல சொல்லி வச்சிருங்க" என்றேன். ரிசல்ட் வர மாதக்கணக்கானது. தினம் ஒரு வதந்தி. அந்தக் காத்திருப்பில் முருகனிடம் கோபப்பட்டிருக்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் ஒரு நாளும் விளக்கை ஏற்றாமல் விடவில்லை.

சுதாதான் ஆபீஸிலிருந்து போன் செய்தாள். என் எண் அவளுக்கு மனப்பாடம். "மதினி, இருக்கு! ஒங்க நம்பர் இருக்கு!" என்று கத்தினாள். போனை அத்தையிடம் கொடுத்துவிட்டுப் படத்துக்கு முன்னால் விழுந்தேன்.

இன்றைக்கு வேடசந்தூரில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். அந்த வேலையை அவன்தான் கொடுத்தான். ஆனால் வேலையைவிடப் பெரியது ஒன்றையும் கொடுத்தான். என் தப்பை ஒருவர் சொன்னால் கேட்டுக்கொள்கிற பொறுமை. அது இன்னும் முழுசாக வரவில்லை, வந்துகொண்டிருக்கிறது.

நம் குழுவில் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளைப் பெற்றவர்கள் இருக்கிறீர்கள். படிக்கிறவர்களும் இருக்கிறீர்கள். மனசு வெறுத்துப்போனால் அதையும் அவனிடமே கொண்டுபோங்கள். கோபமாகப் போனாலும் அவன் விரட்டமாட்டான், என்னை விரட்டவில்லை. ஆனால் ஒன்று. அவன் அனுப்புகிற பதில் உங்களுக்குப் பிடித்த ஆளின் வாயிலிருந்து வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். யார் கொண்டுவந்தாலும் முதலில் உட்கார வைத்துச் சாப்பாடு போடுங்கள்.