திவசச் சமையலும் ஒரு சிரப்பும்

என் கணவருக்குக் கல்லீரல் சுருங்கிவிட்டது என்று சொன்ன டாக்டர், அடுத்த மூச்சிலேயே எத்தனை வருஷமாகக் குடிக்கிறார் என்று மலையாளத்தில் கேட்டார். சிரோசிஸ் என்றால் குடி. இந்தத் திருவனந்தபுரத்தில் அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. இவரோ காபி தவிர வேறெதையும் ருசி பார்க்காத மனுஷர். சர்க்கரை இருந்தது, ஈரலில் கொழுப்பு சேர்ந்திருந்தது, குடிக்காமலும் இந்த வியாதி வரும் என்று பிறகு அந்த டாக்டரே ஒப்புக்கொண்டார். அதை வெளியே யாரிடம் சொன்னாலும் ஒரு மாதிரி சிரித்தார்கள்.

அவர் திவசச் சமையல்காரர். நாங்கள் இருப்பது வலியசாலையில் என்றாலும் வேலையெல்லாம் கோட்டை அக்ரகாரத் தெருக்களில்தான். திவசத்துக்குச் சமைப்பவர் குளித்துவிட்டு அடுப்படிக்குள் போனால் இலை போடும்வரை மடி குலையக் கூடாது. நடுவில் கக்கூஸ் போனால் மறுபடி தலையோடு குளிக்க வேண்டும். வியாதியோ இதற்கு நேர் எதிரானது. குடலில் உண்டாகும் அம்மோனியாவை நல்ல ஈரல் ஒரு வழி பண்ணிவிடும். தழும்பேறிய ஈரலால் முடியாது. அம்மோனியா ரத்தத்தோடு தலைக்கு ஏறிப் புத்தியைக் கலக்கிவிடும். அதை வெளியேற்றத் தினமும் இரண்டு மூன்று தடவை வயிறு இளகியே ஆக வேண்டும், அதற்குத்தான் தித்திப்பாக ஒரு சிரப். கால் வீங்கி வயிற்றில் நீர் கோத்ததும் நான் உப்பையும் ஊறுகாயையும் ஒளித்துவைத்தேன். சிரப்பில் அவர் ஏமாற்றுவார் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

போன மகாளயத்தில் அடுத்தடுத்து வேலை வந்தது. வேலை நாளெல்லாம் சிரப்பை வாஷ்பேசினில் கொட்டியிருக்கிறார். ராத்திரி விழித்துக்கொண்டும் பகலில் தூங்கி வழிந்துகொண்டும் இருந்தார். கேட்டால் அலுப்பு என்றார். ஒருநாள் அவர் சமைக்கப் போயிருந்த வீட்டுக்காரரே எனக்குப் போன் செய்தார்.

"மாமி, மாமா நிதானத்துல இல்லையாக்கும். தேங்காயைக் கேட்டா கரண்டியை எடுத்துத் தரார். கை வெடவெடன்னு ஆடறது, வாய் ஒரு மாதிரி நாறறது. திவசமும் அதுவுமா இப்படியா? ஆட்டோல ஏத்தி விட்டிருக்கேன், கேட்டேளா."

"அவர் குடிக்கவே மாட்டார். அது வியாதி, ஈரல் கெட்டா அப்படித்தான் நாறும். ஆட்டோவை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிண்டு போங்கோ!" என்று கத்தினேன்.

"செரி மாமி, இங்க இலை போடணும்" என்று வைத்துவிட்டார். பித்ருக்களுக்குப் பசிக்குமே, பாவம்.

ஆட்டோ வந்து சேராததால் தேடிக்கொண்டு போய், கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தில் அவரைக் கண்டுபிடித்தேன். எங்கே போகிறோம் என்று தெரியாமல் அங்கே இறங்கி விழுந்திருக்கிறார். வேட்டி விலகிக் கிடந்தவரைச் சுற்றி வளைந்து போய்க்கொண்டிருந்தது ஜனம். தூக்கிவிடக் கூப்பிட்டதற்கு ஒருத்தன், "பூஸாணு சேச்சி, கொறச்சு கழிஞ்ஞா எணீக்கும்" என்றான். குடிபோதையாம், கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடுவாராம். நீ நாசமாய்ப் போக என்று நல்ல தமிழில் சொன்னேன். அது அவனுக்குப் புரிந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் எனிமா கொடுத்து, மூக்கில் குழாய் விட்டு அதே சிரப்பை இறக்கினார்கள். மறுநாள் கண் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்தாத்துல இலை போட்டாளா?" என்பது. எனக்கு அழுகை வரவில்லை, ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. இன்னொரு தடவை இப்படி ஆனால் திரும்பி வருவது சந்தேகம் என்று டாக்டர் எங்கள் இருவரையும் நிற்கவைத்துச் சொல்லித்தான் அனுப்பினார்.

அதன்பின் ஒருவரும் அவரைச் சமையலுக்குக் கூப்பிடவில்லை. நான் மானத்தை விட்டு வீடு வீடாகப் போய் அம்மோனியாவை விளக்கினேன். "அப்படியா மாமி" என்று கேட்டுக்கொண்டார்கள். அவர் பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

சில மாதம் கழித்து அதே வீட்டுக்காரர் வந்தார். அவருடைய அம்மாவின் திவசம் வருகிறது, மடியாகச் சமைக்க ஆள் கிடைக்கவில்லை.

"நடந்தது நடந்துடுத்து மாமா. இனிமே தொடமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ. நான் எல்லாத்தையும் மறந்துடறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் கையைக் காட்டி என்னை அடக்கினார்.

"இனிமே தொடமாட்டேன்" என்றார். தலையைக் குனிந்துகொண்டு, நிஜமாகவே குடித்தவர் மாதிரி சொன்னார். வந்தவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

வீட்டுக்காரர் போனதும், "ஏன் அப்படிச் சொன்னேள்?" என்று கேட்டேன்.

"வியாதிக்காரன்னா எவன் கூப்பிடுவான்? குடிகாரன் திருந்திட்டான்னா கூப்பிடுவா" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "திவசத்தன்னிக்கு மட்டும் அந்த சிரப் வேண்டாம், என்ன?" என்றார்.

அதுவரை அந்த வீட்டுக்காரர் மேல் இருந்த கோபமெல்லாம் இவர் மேல் திரும்பியது. சாகப்போவதற்கு என்னிடம் சம்மதம் கேட்கிறார்.